டூஸி: பாராட்டா, எச்சரிக்கையா?

கீழவாசல் | திங்கள், இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. சின்ன சந்தேகம்தான், ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

மென்பொருள் வேலை எனக்கு. வாடிக்கையாளர் அமெரிக்காவில். மூன்று நாளாக ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். மாதக் கடைசி நாளில் மட்டும் கணக்கு ஒரு சென்ட் இடிக்கும், மற்ற நாளெல்லாம் பூனை மாதிரி சாதுவாக இருக்கும். இன்று காலை அதைப் பற்றி நான்கு பத்தி விளக்கம் எழுதிக் குழு அரட்டையில் போட்டேன். அந்தப் பக்கத்து மேலாளர் ஒரே வரியில் பதில் தந்தார்: "வாவ், திஸ் ஒன் இஸ் எ டூஸி."

என் விளக்கத்தைத்தான் புகழ்கிறார் என்று நினைத்து "தேங்க் யூ சோ மச்" என்று அடித்து, கூடவே கும்பிடும் பொம்மையும் போட்டுவிட்டேன். அவர் ஒரு சிரிப்பு பொம்மை போட்டார். அப்புறம் யாரும் பேசவில்லை.

இப்போது அகராதியைத் திறந்தால் "அசாதாரணமானது, வியக்க வைப்பது" என்கிறது. அப்படியென்றால் பாராட்டுதானே? பிறகு ஏன் சிரித்தார்?

கார்க்கிறுக்கு | திங்கள், இரவு 9.58

அண்ணே, இது என் ஏரியா. டூஸி என்பது ஒரு காரின் செல்லப்பெயர். டூசென்பெர்க் என்று ஒரு கார் இருந்தது. 1928 டிசம்பரில் நியூயார்க் கண்காட்சியில் அதன் ஜே மாடலை இறக்கினார்கள். எட்டு சிலிண்டர், 265 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் மற்ற கார்களில் பெரும்பாலானவை அதில் பாதியைத் தொடவே முக்கிக்கொண்டிருந்தன. சேசிஸ் மட்டும் 8,500 டாலர். கவனியுங்கள், சேசிஸ் மட்டும். நம்ம ஊரில் லாரி சேசிஸை வாங்கி நாமக்கல்லிலோ கரூரிலோ பாடி கட்டுகிறோமே, அதே கதைதான். வாங்கியவர் தனக்குப் பிடித்த பட்டறையில் கொடுத்துப் பாடி கட்டிக்கொள்வார்.

இந்தூர் மகாராஜா ஹோல்கர் கூட ஒன்று வாங்கினார். அவருடைய வண்டிக்கு லண்டனில் கர்னி நட்டிங் பட்டறை பாடி கட்டியது. ஆரஞ்சும் கறுப்பும் கலந்த வண்டி. படத்தைப் பார்த்தால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

அதன் விளம்பரத்தில் காரையே காட்ட மாட்டார்கள். பெரிய மாளிகையின் ஹாலில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், கீழே ஒரே வரி: "அவர் ஓட்டுவது டூசென்பெர்க்." அவ்வளவுதான். அந்தக் காரைச் சுருக்கி 'டூஸி' என்றார்கள், அப்புறம் அசத்தலான எதுவும் 'டூஸி' ஆகிவிட்டது. ஆகவே உங்களைப் பாராட்டித்தான் இருக்கிறார். நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

கீழவாசல் | திங்கள், இரவு 10.03

அடடா, என்ன அழகான கதை. நன்றி தம்பி. சாப்பிடப் போகிறேன்.

சொல்வேட்டை | திங்கள், இரவு 10.31

சாப்பிடுங்கள், ஆனால் அந்தக் கதையை அப்படியே விழுங்க வேண்டாம்.

கார்க்கிறுக்கு சொன்ன கார் விவரத்தில் குறை ஒன்றும் இல்லை. சொல் விவரத்தில்தான் ஆண்டுக் கணக்கு உதைக்கிறது. 'டூஸி' பெயரடையாக அச்சில் தென்படுவது 1903-இல். 'ஒரு டூஸி' என்று பெயர்ச்சொல்லாக வருவது 1916-இல். டூசென்பெர்க் சகோதரர்கள் கம்பெனி தொடங்கியதே 1913-இல்தான், அதுவும் பந்தய வண்டி, எஞ்சின் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. பொதுமக்கள் காசு கொடுத்து வாங்கி ஓட்டும் கார் வந்தது 1920-க்குப் பிறகு. பிள்ளைக்கு இருபது வயதான பிறகு அப்பா பிறந்தார் என்று சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

கார்க்கிறுக்கு | திங்கள், இரவு 10.44

ஐயா, 1913-க்கு முன்னாலும் அவர்கள் சும்மா இருக்கவில்லையே. அயோவாவில் கார் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

சொல்வேட்டை | திங்கள், இரவு 10.52

செய்தார்கள், 1906-இல். அந்தக் காரின் பெயர் மேசன். பணம் போட்டவர் பெயரைத்தான் வண்டிக்கு வைத்தார்கள். 1903-இல் டூசென்பெர்க் என்ற பெயரில் ஓடிய கார் ஒன்றுகூட உலகத்தில் கிடையாது. அண்ணன் ஃபிரெட் அதற்கு முன்னால் சைக்கிள் செய்தார், பந்தயமும் ஓட்டினார். சைக்கிளை வைத்துக் கதையைக் காப்பாற்ற முடியுமா என்று பாருங்கள்.

கார்க்கிறுக்கு | திங்கள், இரவு 10.55

சைக்கிள் எல்லாம் வேண்டாம். என் மனசு உடைந்துவிட்டது. நான் படுக்கப் போகிறேன்.

ஒஹாயோ அக்கா | செவ்வாய், அதிகாலை 5.12

கார்க்கிறுக்கு தம்பி, மனசு உடைய வேண்டாம். இங்கே அமெரிக்காவிலேயே பாதிப் பேர் அந்தக் கதையைத்தான் நம்புகிறார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டினால் இண்டியானாவில் ஆபர்ன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஆபர்ன், கார்ட், டூசென்பெர்க் என்ற மூன்று கார்களுக்கும் சேர்த்து ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1930-இல் கட்டிய பழைய கார் கம்பெனி அலுவலகம், அப்படியே வைத்திருக்கிறார்கள். தரையெல்லாம் மொசைக் மாதிரி வழவழவென்று, காரின் நிழல் தரையில் தெரியும். போன கோடையில் பசங்களைக் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு பச்சை டூசென்பெர்க் முன்னால் நின்றோம். முகப்பு விளக்கு ஒவ்வொன்றும் நம் வீட்டு இட்லிப் பானை அகலம். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா பேரனிடம், "இதிலிருந்துதான் டூஸி என்ற சொல் வந்தது, தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். அங்கே போய் "தாத்தா, 1903" என்று சொல்ல எனக்கு நா எழுமா?

கீழவாசல் தம்பிக்கு உண்மையான பதில் இதோ. இங்கே அன்றாடம் எப்படிச் சொல்கிறார்கள் என்று சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

பனிப்புயல் அடித்து இரண்டு நாள் கரண்ட் போனது. பக்கத்து வீட்டம்மா சொன்னது: "தட் வாஸ் எ டூஸி ஆஃப் எ ஸ்டார்ம்." என் மகளுக்குக் கணக்குப் பரீட்சை. வெளியே வந்ததும் அவள் தோழி சொன்னது: "தி லாஸ்ட் கொஸ்டின் வாஸ் எ டூஸி." என் கணவர் படியில் தடுக்கி விழுந்து நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீங்கியது. மருத்துவமனைச் செவிலி பார்த்ததுமே "ஊ, தட்ஸ் எ டூஸி" என்றார். வீங்கினதுக்குப் பாராட்டா?

நல்லதுக்கும் சொல்வார்கள். யாராவது பெரிய மீன் பிடித்தால், பட்டாசு நன்றாக வெடித்தால் சொல்வார்கள். ஆனால் நான் கேட்ட வரைக்கும் பத்தில் ஏழு முறை ஆள் மலைத்துப்போய்ச் சொல்வதுதான்.

உங்கள் மேலாளர் சொன்ன 'திஸ் ஒன்' என்பது உங்கள் கட்டுரை இல்லை தம்பி. அந்தப் பிழை. "யப்பா, இது லேசுப்பட்ட பிழை இல்லை" என்றார். நீங்கள் அதற்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள்.

கீழவாசல் | செவ்வாய், காலை 7.20

ஐயோ.

பிழையைப் பெற்றவன் நானே என்பது போல ஆகிவிட்டதே.

மாடிவீட்டு மாமா | செவ்வாய், காலை 8.05

கவலைப்படாதே தம்பி, இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டி முடித்ததும் மன்னர் வந்து பார்த்துவிட்டு "ஆஃபுல்" என்றாராம். கட்டியவர் கிறிஸ்டோபர் ரென் அதைக் கேட்டு மகிழ்ந்தாராம், ஏனென்றால் அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு 'பிரமிக்க வைப்பது' என்று பொருள். இன்றைக்கு அதே சொல் 'படு மோசம்'. சொல்லெல்லாம் இப்படிப் புரளும்.

சொல்வேட்டை | செவ்வாய், காலை 8.40

மாமா, சொல் புரண்டது உண்மை. 'ஆஃபுல்', 'ஆசம்' இரண்டும் 'ஆ' என்ற ஒரே அச்சச் சொல்லுக்குப் பிறந்தவை. ஒன்று குப்பைக்குப் போனது, இன்னொன்று பீட்சாவுக்கும் பட்டுப்புடவைக்கும் பொதுவாகிவிட்டது. 'டெரிஃபிக்' என்றால் முதலில் நடுங்க வைப்பது, இப்போது 'சூப்பர்'.

ஆனால் தேவாலயக் கதையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒருவர் சார்லஸ் மன்னர் என்பார், ஒருவர் ஜேம்ஸ் என்பார், மூன்றாமவர் ஆன் ராணி என்பார். சொன்னவர் யார் என்பதே ஆளுக்கு ஆள் மாறும் கதையை நான் சாட்சிக் கூண்டில் ஏற்ற மாட்டேன்.

மாடிவீட்டு மாமா | செவ்வாய், காலை 8.47

இவரிடம் ஒரு கதை சொல்ல முடியாதுப்பா.

தேரடி | செவ்வாய், காலை 11.15

நம்மிடமும் இதே விளையாட்டு இருக்கிறதே. "படம் பயங்கரமா இருந்துச்சு" என்று ஒருவன் சொன்னால் டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று அவன் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'தாறுமாறு' என்றால் முன்பு ஒழுங்கீனம், இப்போது பாட்டு ஹிட். 'மிரட்டல்' என்றால் போலீஸ் வழக்கு, திரை விமர்சனத்தில் பாராட்டு.

கல்வயல் | செவ்வாய், மதியம் 12.02

யாழ்ப்பாணத்துப் பக்கம் வந்து பாருங்கோ, இன்னும் கூத்து. எங்கட ஊரில "சாப்பாடு அந்தமாதிரி" எண்டால் வெகு திறம் எண்டு அர்த்தம். சென்னையில் ஒரு கலியாண வீட்டில் நான் மணப்பெண்ணின் அக்காவிடம் "உங்கட சாறி அந்தமாதிரி இருக்கு" எண்டு சொல்லிப்போட்டன். அவவின்ர முகம் போன போக்கு! பிறகு என்ர மனிசி வந்து விளக்கம் சொல்லித்தான் நான் பந்தியில் இருந்தனான்.

தேரடி | செவ்வாய், மதியம் 12.06

ஹா ஹா. உயிர் தப்பினீர்களே அண்ணா.

சொல்வேட்டை | செவ்வாய், மாலை 6.30

காரை மறுத்தாயிற்று, அப்படியானால் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன், வெகுநாளாக இதில் ஒரு பித்து எனக்கு.

அகராதிக்காரர்கள் இரண்டு பேரைக் காட்டுகிறார்கள். ஒன்று, டெய்சிப் பூ. ஆங்கிலத்தில் அந்தப் பெயரே 'பகலின் கண்' என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது, காலையில் விரிந்து இருட்டினால் மூடிக்கொள்ளும் பூ என்பதால். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே 'டெய்சி' என்பதற்கு 'பிரமாதமானது' என்ற பேச்சு வழக்குப் பொருள் வந்துவிட்டது. அமெரிக்காவில் நன்றாக வேர் பிடித்தது. 1881-இல் அரிசோனாவில் டூம்ஸ்டோன் என்ற ஊரில் நடந்த பேர்போன துப்பாக்கிச் சண்டை பற்றி உள்ளூர்ச் செய்தித்தாள் எழுதியபோது, எதிராளி "உன்னைப் பிடித்துவிட்டேன்" என்றதற்கு, சண்டையில் இருந்த டாக் ஹாலிடே என்பவர் "அப்படிப் பிடித்திருந்தால் நீ ஒரு டெய்சி" என்று திருப்பிக் கொடுத்ததாக அச்சிட்டது. துப்பாக்கி முனையில் பூவைச் சொல்லி நக்கல்! அந்த 'டெய்சி' வாயில் உருண்டு 'டூஸி' ஆகியிருக்கலாம்.

இரண்டாவது, எலியனோரா டூஸெ. இத்தாலிய மேடை நடிகை. 1893-இல் முதன்முதலாக அமெரிக்கா வந்தார். முகப்பூச்சு இல்லாமல் நடிப்பார். ஒரு காட்சியில் அவர் முகம் வெட்கத்தில் சிவந்ததைப் பார்த்து, இது எப்படி நடிப்பில் சாத்தியம் என்று லண்டனில் பெர்னார்ட் ஷா அசந்துபோய் எழுதினார். 1923-இல் டைம் பத்திரிகை தன் அட்டையில் போட்ட முதல் பெண் இவர்தான். மறு ஆண்டு சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிட்ஸ்பர்கில் இறந்தார். 1903-க்குள் அவர் பெயர் அமெரிக்காவில் எல்லோர் வாயிலும் இருந்தது. ஆண்டுக் கணக்கும் ஒத்துவருகிறது, ஒலியும் ஒத்துவருகிறது.

என் ஓட்டு டெய்சிக்குத்தான், அதற்குப் பெயரடையாகவும் பெயராகவும் ஏற்கெனவே இந்த வேலை பழக்கம். அந்த அம்மையாரின் பெயர் பக்கத்தில் இருந்து உயிரெழுத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கலாம். 'டெ' எப்படி 'டூ' ஆனது என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

கார்க்கிறுக்கு | செவ்வாய், இரவு 8.14

அப்போ என் கார்?

சொல்வேட்டை | செவ்வாய், இரவு 8.33

உங்கள் காருக்கும் பங்கு உண்டு தம்பி, பெற்றது இல்லை, வளர்த்தது. நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கப் பேச்சு வழக்கில் இப்படி வியப்புச் சொற்கள் மூட்டை மூட்டையாக இருந்தன. பலவற்றை இன்று தாத்தாக்கள்கூடச் சொல்வதில்லை. இது மட்டும் நின்றதற்கு, 'டூஸ்' என்று தொடங்கும் ஒரு பிரமாண்டமான வண்டி அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஓடியதும் ஒரு காரணம் என்று அகராதிகளே எழுதுகின்றன. 1921-இல் பிரான்சில் லெ மான் நகரில் நடந்த கிராண்ட் பிரீயில் அந்த வண்டி ஜெயித்தது, ஓட்டியவர் ஜிம்மி மர்ஃபி. கம்பெனி 1937-இல் மூடியது. சொல் இன்னும் ஓடுகிறது.

கார்க்கிறுக்கு | செவ்வாய், இரவு 8.35

வளர்ப்பு அப்பா என்றால் சம்மதம்.

திருத்துநர் | புதன், காலை 9.10

நான் பதிப்பகம் ஒன்றில் மெய்ப்பு பார்ப்பவள். பிறப்பு ரகசியம் இருக்கட்டும், எழுதும்போது கால் இடறும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எழுத்தில் இரண்டு 'ஓ' வர வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் 'டோஸி', அதாவது தூங்குமூஞ்சி. "யுவர் பிளான் இஸ் டோஸி" என்று மேலிடத்துக்கு அனுப்பி மாட்டிக்கொள்ளாதீர்கள். உச்சரிப்பிலும் நடுவில் வருவது நம் 'ஸ' இல்லை, தேனீ ரீங்கரிக்கும் ஒலி. தமிழில் எழுத வழியில்லை, காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

'வெரி டூஸி' என்று யாரும் சொல்வதில்லை. பெயர்ச்சொல்லாக 'எ' சேர்த்துத்தான் வரும். ஆளைவிடப் பொருளுக்கும் நிகழ்ச்சிக்கும்தான் அதிகம் பொருந்தும். அலுவலகக் கடிதம், ஒப்பந்தம், இரங்கல் குறிப்பு, இந்தப் பக்கமெல்லாம் கொண்டுபோகவே கூடாது. அரட்டைக்குச் சரி.

இதற்குத் தமிழ் என்ன வைக்கலாம் என்றுதான் நேற்று முழுக்க யோசித்தேன். 'அருமை', 'அற்புதம்' எதுவும் சேராது, அவை நல்லதற்கு மட்டும்தான். 'கடினம்' என்றால் வியப்பு போய்விடும்.

தேரடி | புதன், காலை 9.42

எமகாதகம்?

திருத்துநர் | புதன், காலை 9.50

அட! இது எனக்குத் தோன்றவில்லையே.

எமனையே கொல்லக்கூடியவன் எமகாதகன். ஊரில் ஒருவனை "அவன் எமகாதகன்யா" என்றால் திட்டுகிறார்களா மெச்சுகிறார்களா என்று அவனுக்கே தெரியாது. பாதி பயம், பாதி மரியாதை. "இது எமகாதகப் பிழை" என்றால் அப்படியே உட்காருகிறது. வீக்கத்துக்கும் புயலுக்கும்தான் கொஞ்சம் இடிக்கும்.

ஒஹாயோ அக்கா | புதன், காலை 10.05

புயலுக்கு எங்கள் அம்மா "சரியான காத்துடி" என்பார். அந்த 'சரியான' போதும். 'சரியான அடி', 'சரியான மழை', 'சரியான ஆளு'. அங்கே சரி தப்பு என்ற பேச்சே இல்லை, அளவுதான். இந்த ஆங்கிலச் சொல்லும் அளவைத்தான் சொல்கிறது. நல்லதா கெட்டதா என்பதை அது எதன்மேல் போய் உட்காருகிறதோ அதுதான் சொல்லும்.

திருத்துநர் | புதன், காலை 10.11

அக்கா, அகராதியில் இந்த வரியைப் போட்டிருந்தால் கீழவாசல் கும்பிட்டிருக்கவே மாட்டார்.

கல்வயல் | புதன், மதியம் 1.30

'சரியான' எங்களிட்டயும் இருக்கு. "சரியான குளிர்", "சரியான சனம்". இதில மட்டும் ரெண்டு கரையும் ஒண்டு. சாறிக்கு இனி இதுதான் சொல்லுவன்.

தேரடி | புதன், மதியம் 1.34

"சரியான சாறி" என்றாலும் கேட்பவர் ஒரு மாதிரிதான் பார்ப்பார். நீங்கள் பேசாமல் சாப்பாட்டைப் பாராட்டுங்கள் அண்ணா.

கீழவாசல் | வெள்ளி, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். பிழை பிடிபட்டது.

கடைசி நாள் சாயங்காலம் அங்கே நடக்கும் பரிவர்த்தனை, சர்வர் கடிகாரத்தில் மறுநாள், அதாவது புது மாதம். வரியைப் பழைய மாதத்தில் முழுசாக்கி, தள்ளுபடியைப் புது மாதத்தில் முழுசாக்கியது. இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரு சென்ட் விழுந்துகொண்டிருந்தது. திருத்தம் நான்கே வரி. அந்த நான்கு வரியைக் கண்டுபிடிக்க ஏழு நாள்.

இன்று திருத்தத்தை ஏற்றிவிட்டு அரட்டையில் தைரியமாக எழுதினேன்: "ஃபிக்ஸ்ட். தட் வாஸ் எ டூஸி." இரண்டு 'ஓ' இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்த பிறகுதான் அனுப்பினேன். மேலாளர் கட்டைவிரல் போட்டார். கூடவே அந்தக் கும்பிடும் பொம்மையையும் போட்டார், மனுஷன் மறக்கவே இல்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கீழே இன்னொரு வரி: "நெக்ஸ்ட் ஒன் இஸ் எ லூலூ."

எனக்குத் தெரிந்த லூலூ, ஏசி போட்ட பெரிய கடை மட்டும்தான். நான் இன்னும் பதில் போடவில்லை.

சொல்வேட்டை | வெள்ளி, இரவு 8.58

நன்றி மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதுவும் அதே குடும்பம்தான், 1886-லேயே அச்சில் ஏறிவிட்டது.

கார்க்கிறுக்கு | வெள்ளி, இரவு 9.01

லூலூ என்று ஏதாவது கார் இருந்ததா ஐயா?

சொல்வேட்டை | வெள்ளி, இரவு 9.02

தம்பி, வேண்டாம்.